கொடை குற்றமான காலம்

ஒருவன் பெரியவன் என்பதை ஊர் எவ்வாறு அறிந்துகொள்கின்றது? அவனுடைய வீட்டையும் காணியையும் உடையையும் கண்டு அறிகின்றது என்று விடை கூறிவிடலாம். ஆயின் எல்லா மக்களுக்கும் அவ்விடை பொருந்துவதில்லை. சேர்த்து வைத்தவனைச் சிறியவனாகவும், சேர்த்ததைக் கொடுத்துத் தீர்த்தவனைப் பெரியவனாகவும் மதித்த மக்கள் உளர். அவ்வாறு கொடுத்தமைக்காகச் சிறை புகுந்தோரும் உளர்.

கனடா தேசத்தின் மேற்குக் கரையை அடுத்து வன்கூவர் தீவு இருக்கின்றது. அதன் வடபாகத்திலும், அதனைச் சூழ்ந்த சிறு தீவுகளிலும், எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருவோர் குவாக்குவாக்கவாக்கு மக்கள். பழைய நூல்கள் இவர்களைக் குவாக்கியூட்டில் எனக் குறிக்கும். ஆண்டுதோறும் கடலிலிருந்து ஆறுகளில் ஏறிவரும் சால்மன் மீன் இவர்களுக்கு உணவு. ஊலக்கன் என்னும் சிறு மீனை வடித்தெடுக்கும் நெய் இவர்களுடைய பெருஞ் செல்வம். வீடு, தோணி, பேழை, முகமூடி யாவற்றையும் சீடர் மரமே தந்தது. வெப்பமான மாதங்களில் தேடிய உணவு மாரிக்கும் போதியதாக இருந்தமையால், மாரிகாலம் விழாக்காலமாயிற்று.

அவ்விழாக்களுள் தலையாயது பொட்லாச். கரையோர வணிகத்தில் வழங்கிய சின்னூக்குக் கலப்பு மொழியில் இச்சொல்லுக்குக் கொடுத்தல் என்பது பொருள். தலைவன் ஒருவன் தன் பிள்ளைக்குக் குடிப்பெயர் சூட்டும்போதும், திருமணம் நிகழும்போதும், இறந்தவரின் பட்டத்தை உரியவன் ஏற்கும்போதும் அயற்குடிகளை அழைப்பான். வந்தோர் தத்தம் தகுதி முறைப்படி அமர்வர். குடியின் பழங்கதைகள் உரைக்கப்படும். அக்குடிக்கே உரிய முகமூடிகளை அணிந்து ஆடுவர். ஈற்றில், அமர்ந்திருந்த அதே முறையில் ஒவ்வொருவருக்கும் பரிசு வழங்கப்படும்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அப்பரிசு பிச்சையன்று, வெறும் உபசாரமுமன்று. அது சாட்சிக்குரிய கூலி. உறுதி எழுதும் வழக்கமில்லாத ஒரு சமுதாயத்தில், இன்ன பட்டம் இன்னாருக்கு உரியதென்பதை நினைவில் வைத்திருப்போர் வந்திருந்த விருந்தினரே. பதிவுக் கந்தோர் செய்யும் பணியை அவர்களுடைய நெஞ்சங்கள் செய்தன. பரிசை ஏற்றுக்கொண்டவன் பின்னொரு நாளில் அப்பட்டத்தை மறுத்துரைத்தல் இழுக்கு. கொடாதவனுடைய பட்டமோ காற்றிற் பறக்கும் சொல்லாகவே எஞ்சும்.

பெற்றவன் தன் முறை வரும்போது அதிகமாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். போட்டி பிறந்த இடம் இதுவே. கேடய வடிவில் அடித்த செப்புத் தகடுகள் சில அக்குடிகளிடம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. கை மாறுந்தோறும் விலை ஏறி, ஆயிரக்கணக்கான கம்பளங்களுக்கு ஈடாகக் கருதப்பட்ட தகடுகளும் இருந்தன. தன்னை இகழ்ந்த எதிராளியின் முன்னிலையில் தலைவன் அத்தகைய தகட்டை உடைப்பான். எதிராளி அதற்கு ஈடான தகட்டை உடைக்காவிடின் அவன் பெயர் தாழ்ந்தது. வேறு சில விருந்துகளில் மீன் நெய்யைத் தீயில் வார்ப்பர். தழல் கூரையைத் தொட எழும். அருகே அமர்ந்த விருந்தினர் உடல் வெந்தாலும் அசையாதிருத்தல் வேண்டும். அசைந்தால் தோல்வி!

இப்போட்டி என்றும் ஒரே அளவில் இருந்ததன்று. 1849 ஆம் ஆண்டில் அட்சன் குடா வணிகக் கம்பெனி அப்பகுதியில் ரூபர்ட் கோட்டையை நிறுவியபின் கம்பளங்கள் மலிந்தன. அவையே எண்ணிக் கொடுக்கும் நாணயமாயின. 1862 இல் பரவிய அம்மை நோய் கரையோர மக்களைப் பெருந்தொகையாகக் கொன்றது. பட்டங்கள் இருந்தன, அவற்றுக்குரியோர் மாண்டனர். முன்னர் உரிமை கோர முடியாதவரும், மீன் அடைக்கும் தொழிற்சாலைகளில் உழைத்த கூலியைக் கொண்டு கோர முற்பட்டனர். ஆகவே வெளியார் கண்டு வியந்த பெருஞ் செலவிற் பெரும்பகுதி, பழைமையின் இயல்பான கோலமன்று. நோயாலும் வணிகத்தாலும் நிலைகுலைந்த ஒரு சமுதாயம் தன் வரிசைகளை மீண்டும் ஒழுங்குபடுத்த முயன்றதன் விளைவு. வந்தவர் பலர் இதனை உணர்ந்தாரில்லை.

உணர முயன்றவர் ஒருவர் பிரான்ஸ் போவாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1886 இல் அக்கரைக்கு முதன்முறை சென்ற அவர், ரூபர்ட் கோட்டையில் வளர்ந்த ஜோர்ச் ஹண்டின் துணையோடு 1897 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கொடுப்பது வீணாவதில்லை, அது வட்டியோடு திரும்பும் கடன் போன்றது என அதில் விளக்கினார். அவ்விளக்கம் முழுதும் சரியன்று என்று பின்வந்தோர் வாதித்ததுண்டு. எனினும் பித்தர் செயல் என்றிகழப்பட்டதில் ஓர் ஒழுங்கைக் கண்ட பெருமை அவருக்குரியது.

அதே 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், நியூயோர்க் நகரின் வால்டோர்ஃப் விடுதியில் பிராட்லி மார்ட்டின் என்னும் செல்வக் குடும்பத்தினர் ஒரு நடன விருந்து வைத்தனர். பொருளாதார மந்தத்தால் மக்கள் வாடிய காலம் அது. மண்டபமோ வெர்சேல்ஸ் அரண்மனை போல அலங்கரிக்கப்பட்டது. விருந்தினர் பழங்கால அரசரும் அரசியரும் போல உடுத்தி வந்தனர். பத்திரிகைகளும் போதகர்களும் கண்டித்தனர். ஆனால் எவரும் சிறைக்கு அனுப்பப்படவில்லை. இரண்டாண்டுகளின்பின் தோர்ஸ்டீன் வெப்லன், பிறர் காணச் செலவிடுதலே மேலோர் தம் நிலையை நாட்டும் வழியென ஒரு நூலில் எழுதினார். அந்த நடன மண்டபத்துக்கும் குவாக்குவாக்கவாக்கு மக்களின் பெருவீட்டுக்கும் வேற்றுமை ஒன்றுண்டு: பெருவீட்டில் வந்தவர் பொருளுடன் வீடு திரும்பினர்.

கனடாவிலோ சட்டம் வேறு வகையாகப் பேசிற்று. 1884 இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பொட்லாசைக் குற்றமாக்கியது. கொடுத்துக் கொடுத்து வறியராகின்றனர், பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதில்லை, நாகரிகம் பரவுவதற்கு இவ்வழக்கம் தடை என்பன பாதிரிமாரும் அதிகாரிகளும் கூறிய காரணங்கள். சேமிப்பே அறம் எனக் கற்றவர்களுக்குக் கொடை நோயாகத் தோன்றியது.

நெடுங்காலம் இச்சட்டம் ஏட்டளவில் நின்றது. 1921 டிசம்பரில், தொலைவிலுள்ள வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரும் பொட்லாச் ஒன்றை நடத்தினார். மா மூட்டைகள், தையற் பொறிகள், கிராமபோன்கள், இயந்திரப் படகுகள் ஆகியனவும் வழங்கப்பட்டன. செய்தி வெளியாயிற்று. நாற்பத்தைந்து பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. இந்தியர் விவகார அதிகாரியே நீதவானாகவும் அமர்ந்தார். சொற்பொழிவு ஆற்றியமை, ஆடியமை, பரிசுகளை எடுத்துச் சென்று கொடுத்தமை என்பன குற்றங்கள்! முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஊரார் அனைவரும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் எனப்பட்டது. சிலர் ஒப்படைத்தனர். மறுத்தோரும் பிறருமாக ஏறக்குறைய இருபது ஆண்களும் பெண்களும் ஓக்கல்லா சிறைக்குச் சென்றனர். ஒப்படைத்த பொருள்கள் அலேட் குடா என்னும் ஊரில் தேவாலய மண்டபத்து வாங்குகளில் பரப்பப்பட்டு, கட்டணம் பெற்றுக் காட்டப்பட்டன. பின்னர் ஒட்டாவா, ரொறன்ரோ, நியூயோர்க் நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன.

அம்மக்களோ கொடுப்பதை விட்டாரில்லை. அதிகாரிகளின் படகு வரமுடியாத கடும் புயற் காலங்களில் மறைவாகக் கூடினர். 1951 இல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தத் தடை ஓசையின்றி விடப்பட்டது. பறிபோன பொருள்களைக் கேட்டபோது, வைப்பதற்கு அருங்காட்சியகம் கட்டினாற் தருவோம் என்றனர். 1979 இல் கேப் மட்ஜிலும் 1980 இல் அலேட் குடாவிலும் அவர்கள் கட்டினர். இரண்டாவதன் பெயர் ஊமிஸ்டா. போரிற் சிறைபிடிக்கப்பட்டோர் வீடு திரும்புதலைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அங்கே முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிகளுள் அடைக்கப்படவில்லை. போதிய காலம் பூட்டப்பட்டிருந்தன என்று, திறந்தபடியே வைத்திருக்கின்றனர்.