தோலிற் பிறக்கும் புற்றுநோய்

தோற் புற்றுநோய் வெள்ளையருக்கு உரிய நோய், வெயிலில் உழன்று கறுத்த உடம்பை அது அணுகாது என்னும் எண்ணம் நம் நாட்டிற் கற்றவரிடையேயும் மற்றவரிடையேயும் ஒருங்கே நிலவுகின்றது. இவ்வெண்ணத்திற் பாதி உண்மை. மற்றப் பாதியினால் உயிர்கள் போகின்றன. கருநிறத்தாருக்கு இந்நோய் வருவது குறைவே. ஆனால் வந்தவிடத்து, 'நமக்கு இது வராது' என்ற துணிவினாலேயே நோயாளி காலந் தாழ்த்தி வைத்தியரிடம் செல்கின்றார். ஐக்கிய அமெரிக்காவிலே மெலனோமா எனப்படும் கொடிய தோற் புற்றுக்கு ஆளான வெள்ளையருள் 100க்கு 90க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். கறுப்பினத்தவருள் அவ்வாறு வாழ்வோர் 100க்கு ஏறத்தாழ 70 பேரே.

ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1977ஆம் ஆண்டில் அவருடைய காற்பெருவிரலின் நகத்தடியில் ஆறாத புண் ஒன்று காணப்பட்டது. பந்தாட்டத்திற் பட்ட காயம் என்றே அது முதலிற் கருதப்பட்டது. ஆராய்ந்தபோது மெலனோமா எனத் தெரிந்தது. விரலை நீக்கிவிடுமாறு வைத்தியர் கூறினர்; தம் சமயக் கொள்கை காரணமாக அவர் அதற்கு இசைந்திலர். நகமும் அதன் அடிப்பகுதியுமே நீக்கப்பட்டன. பின்னர் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது. 1981 மே 11ஆந் திகதி மயாமி நகரில் அவர் இறந்தபோது வயது 36. அவருடைய தந்தை வெள்ளையர் என்பதைச் சுட்டி இச்சான்றை மறுக்க முனைவோர், நோய் பிறந்த இடம் வெயில் மிகுதியாகப் படாத நகத்தடி என்பதையும் கருதுதல் வேண்டும்.

இதனை விளங்கிக்கொள்ளத் தோலின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். புறத்தே உள்ளது மேற்றோல். அதன் கீழே இருப்பது உட்டோல். மேற்றோல் மிக மெல்லியது. ஓயாது தேய்ந்து ஓயாது வளர்வது. அதன் அடிவரிசையில் உள்ள கலங்கள் பிரிந்து பெருக, முன்னவை மேலே தள்ளப்பட்டுத் தட்டையாகிச் சில வாரங்களிற் செதில்களாய் உதிர்கின்றன. அடிவரிசையினிடையே ஆங்காங்கு நிறக்கலங்கள் அமைந்துள்ளன. இவை மெலனின் என்னும் கரும்பொருளை ஆக்கி அயலிலுள்ள கலங்களுக்கு வழங்குகின்றன. அக்கலங்கள் அதனைத் தம் கருவின்மேற் குடை கவித்தாற்போல் வைத்துக்கொள்கின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே என்பது பலருக்கு வியப்பைத் தரும். வேறுபடுவது அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே.

ஞாயிற்றின் ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் கலத்தின் பரம்பரைப் பொருளைச் சிதைக்கின்றன. உடல் அச்சிதைவைப் பெரும்பாலும் செப்பனிட்டுவிடும். செப்பனிடப்படாதவை ஆண்டுக்கணக்கிற் சேர்ந்தால், கலம் அடக்கமின்றிப் பெருகத் தொடங்கும். அதுவே புற்று. ஐரோப்பாவின் மங்கிய வெயிலுக்கு அமைந்த தோலோடு அவுஸ்திரேலியாவிற் குடியேறிய மக்கள் இதனைத் தம் உடம்பால் அறிந்தனர். அங்கே 70 வயது நிரம்புமுன் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு தோற் புற்றுக் கண்டுபிடிக்கப்படும் என்பது கணக்கு. சட்டையை அணிக, களிம்பைப் பூசுக, தொப்பியை இடுக என்று 1981ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்திலே தொடங்கிய பிரசாரம் சிறு குழந்தைகளுக்கும் மனப்பாடமாயிற்று.

வெயில் ஒன்றே காரணமாயின், மெலனின் குடையின்கீழ் நம்மவர் பெரிதும் அச்சமின்றி இருக்கலாம். ஆனால் காரணங்கள் வேறும் உள. அவற்றுட் சில, நிறத்தை நோக்குவனவல்ல.

தோற் புற்று முக்கியமாக மூவகைப்படும். அடிவரிசைக் கலங்களிற் பிறப்பது அடிக்கலப் புற்று. வெள்ளையரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. முகத்திலே முத்துப் போன்ற பளபளப்புடன் ஒரு சிறு கட்டியாய்த் தோன்றி, நடுவே குழிந்து, எலி கறித்தாற்போல் மெல்ல மெல்ல அரிக்கும். டப்ளின் நகரத்து வைத்தியர் ஆர்தர் ஜேக்கப் 1827இல் இதனை விவரித்தார். இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. கருநிறத்தாரிடம் வருங்கால் கருமை கலந்து மச்சம்போல் தோன்றி ஏமாற்றுவதுண்டு.

இரண்டாவது செதிற்கலப் புற்று. கறுத்த தோலினர் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது இதனையே. வெயில் படும் கீழுதட்டிலும் காதிலும் இது வரலாம். ஆயினும் கறுத்த தோலினரிடம் பெரும்பாலும் பழைய தழும்பிலும் ஆறாத புண்ணிலுமே இது முளைக்கின்றது. சிறு வயதில் விளக்குத் தீயினாலோ கொதிநீரினாலோ வெந்த தோல் தழும்பாகி, முப்பது நாற்பது ஆண்டு வாளா இருந்து, பின்னர் ஒருநாள் வெடித்துப் புண்ணாகும். பழந்தழும்புதானே என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பர். பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் மார்ஜொலின் இத்தகைய தழும்புப் புண்களை 1828இல் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன.

காஷ்மீரத்து வழக்கம் ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். அங்கே குளிர்காலத்தில் மக்கள் காங்கிரி என்னும் சிறு தணற்சட்டியைப் பிரம்புக் கூடையில் இட்டு, தளர்ந்த மேலங்கிக்குள்ளே வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக் குளிர் காய்வர். ஆண்டுதோறும் அவ்விடத்துத் தோல் வெந்து வெந்து வலைபோற் கறுத்துத் தடித்துப் பின்னர்ப் புற்றாகும். எல்ம்ஸ்லி என்னும் வைத்தியர் 1866இல் இதனை உலகுக்கு அறிவித்தார். வெயில் புகாத வயிற்றிலும் தொடையிலும் தோற் புற்று வருவதற்கு வெப்பமும் ஓயாத புண்படுதலுமே காரணமாயின.

புகைக்கரியும் அத்தகையதே. இலண்டன் மாநகரிற் புகைபோக்கி துடைக்கும் தொழிலில் ஈடுபட்ட சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்தம் விதைப்பையின் தோலிற் புற்று வருவதைப் பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1775இற் கண்டுரைத்தார். தொழிலொன்று புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று முதன்முதல் நிறுவப்பட்டது அவராலேயாம். 1915இல் யப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதிலே தாரை இடைவிடாது தடவித் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். எக்ஸ் கதிர் 1895இற் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அக்கதிர்களைத் தம் கைமேற் பாய்ச்சிச் சோதித்து வந்தமையால் இரு கைகளையும் இழந்து 1904இல் மாண்டார். கிணற்று நீரிற் கலந்த ஆசனிக்கு வங்காள நாட்டாரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகளை உண்டாக்கி, அவற்றுட் சில புற்றாகின்றன. சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்டோர், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாணாள் முழுதும் உண்பதால், இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றனர்.

மூன்றாவதாகிய மெலனோமா நிறக்கலங்களிற் பிறப்பது. மற்ற இரண்டினும் அரிது. ஆனால் விரைந்து பரவி உயிர்கொள்வது. வெள்ளையருக்கு முதுகிலும் காலிலும் வருகின்ற இந்நோய், கருநிறத்தாரைப் பற்றும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே பெரிதும் நாடும். தோலின் நிறம் எத்துணைக் கறுப்பாயினும் உள்ளங்கால் வெளிறியிருப்பதை அனைவரும் அறிவர். அவ்வெளிறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி புதிதாய்த் தோன்றி மாதந்தோறும் அகலுமாயின் ஐயுறுதல் வேண்டும். இரு பாதியும் ஒத்திராமை, விளிம்பு கிழிந்த கடதாசிபோல் இருத்தல், கறுப்பும் கபிலமும் செம்மையுமாய்ப் பல நிறங் கலந்திருத்தல், ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம் ஆகியன மெலனோமாவின் குறிகள். எனினும் மாறிக்கொண்டே வருதல் என்னும் குறி இவை எல்லாவற்றினும் பெரியது. ஆண்டுகள் பல மாறாதிருக்கும் மச்சம் அஞ்சத்தக்கதன்று.

நகத்திலே கருங்கோடு காணப்பட்டவுடன் கலங்கவும் வேண்டியதில்லை. கருநிறத்தாருள் வயது முதிர்ந்தோர் பலருக்கு நகங்கள் பலவற்றில் அத்தகைய கோடுகள் இயல்பாகவே உண்டு. அடிபட்டு நகத்தடியில் உறைந்த இரத்தம் நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து போய்விடும். ஒரே நகத்தில் மட்டும் கோடு தோன்றி, நாளடைவில் அகன்று, கருமை நகத்தைக் கடந்து அதன் அடித்தோலிலும் படர்வது தீக்குறி. ஆங்கில வைத்தியர் ஹச்சின்சன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனைச் சுட்டிக்காட்டினார்.

உள்ளங்காலில் வரும் மெலனோமாவைக் கால் ஆணி என்றும், சேற்றுப்புண் என்றும், நீரிழிவுப் புண் என்றும் மயங்குதல் எளிது. எல்லா மெலனோமாவும் கறுத்திருப்பதில்லை. சிவந்த சதைபோல் வளர்வதும் உண்டு. மருவையும் மச்சத்தையும் குதிரை மயிராற் கட்டி அறுப்பதும், சுண்ணாம்பும் காரமும் இட்டுச் சுடுவதும், கால் ஆணியைச் சவர அலகினாற் சீவுவதும் ஊர்களில் இன்றும் ஒழிந்தபாடில்லை. மேலே தெரியும் கருமை அழிந்துவிடும். அடியில் உள்ள புற்று வளர்ந்துகொண்டே போகும். பின்னர் வைத்தியர் கையில் ஆராய்வதற்கான தடயமும் இல்லாமற் போகின்றது.

நான்கு முதல் ஆறு வாரத்திலும் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும். ஐயத்துக்கு இடமான பகுதியிற் சிறிதையோ, சிறு கட்டியாயின் முழுவதையுமோ விறைப்பு மருந்திட்டு வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்வர். இதற்குப் பயொப்சி என்று பெயர். கத்தி பட்டால் புற்றுப் பரவும் என்னும் அச்சம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு ஆதாரமில்லை. நோய் முற்றிய நிலையிற் சத்திரசிகிச்சைக்குச் சென்றோர் இறந்ததைக் கண்டு, இறப்பிற்குக் காரணம் கத்தியென்று எண்ணியதன் விளைவு அது.

மெலனோமாவின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்தால் நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் கணிக்கலாம் என்று அமெரிக்க வைத்தியர் பிரெஸ்லோ 1970இற் காட்டினார். ஒரு மில்லிமீற்றரினும் மெல்லியதாயின், வெட்டியெடுத்த அளவிலேயே பெரும்பாலோர் நலம் பெறுவர். நான்கு மில்லிமீற்றரைக் கடந்ததாயின் நிலைமை முற்றிலும் வேறு. தாமதத்தின் விலையை இவ்வளவு நுட்பமாக அளந்து காட்டும் நோய்கள் சிலவே.

தோற் புற்றுக்குத் தலையாய சிகிச்சை வெட்டியெடுத்தலே. முற்காலத்தில் மெலனோமாவைச் சுற்றி ஐந்து சென்றிமீற்றர் வரை நல்ல தோலையும் அகற்றினர். பெரும்பாலான நோயாளருக்கு ஒன்று அல்லது இரண்டு சென்றிமீற்றர் போதும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. முகத்திற் கண்ணிமை, மூக்கு ஆகியவற்றின் அருகே வரும் புற்றுக்கு, படலம் படலமாக வெட்டி, ஒவ்வொரு படலத்தையும் உடனுக்குடன் ஆராய்ந்து, நோய் எஞ்சாதவிடத்து நிறுத்தும் முறையும் உண்டு. 1930களில் மோஸ் என்னும் அமெரிக்கர் தொடங்கியது அது. வெட்டவியலாத இடத்திற் கதிர்ச்சிகிச்சையும், மேலோட்டமானவற்றிற்கு உறைகுளிரூட்டலும் களிம்பும் பயன்படும். பரவிய மெலனோமாவுக்கு நெடுங்காலம் பயனுள்ள மருந்தே இல்லாதிருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தடுத்துநிற்கும் தடைகளை நீக்கி, அதனைப் புற்றின்மேல் ஏவும் மருந்துகள் 2011 முதல் வழக்கிற்கு வந்தன. இவ்வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இம்மருந்துகள் விலையால் மிகப் பெரியவை. கால் ஆணி அளவினதாய் இருந்தபோதே வெட்டியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும் காரியத்துக்கு இத்துணைச் செலவும் துன்பமும் நேர்கின்றன. நம் நாட்டில் அரசினர் மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவுகளிற் கட்டணமின்றிக் காட்டலாம். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கென மருத்துவமனைகள் உள்ளன.

தடுப்பு முறைகளுள் வெயிற் களிம்புக்கு மேலைநாட்டார் தரும் இடத்தை நாம் அப்படியே தரவேண்டுவதில்லை. வயலிலும் கடலிலும் உழைப்போருக்கு ஓலைத் தொப்பியும் தலைச்சால்வையும் போதிய காப்பு. நிறமியின்றி வெளிறிப் பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. மெலனின் குடை அவர்களுக்கு இல்லாமையால், நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் களிம்பும் அவர்களுக்கு இன்றியமையாதன. பாடசாலைகள் அப்பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதிருத்தல் நன்று. இது ஒருபுறமிருக்க, நிறத்தை வெளுப்பிக்கும் களிம்புகளைப் பணம் கொடுத்து வாங்கிப் பூசுவோர் தொகை பெருகி வருகின்றது. அவற்றுட் சிலவற்றில் இரசம் கலந்துள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடல் தானே பிடிக்கும் குடையைக் காசு கொடுத்துக் கிழிக்கும் இச்செயலை என்னென்பது!

தீப்புண்ணை ஆரம்பத்திலேயே முறையாக ஆற்றி, வேண்டுமிடத்துத் தோல் ஒட்டு வைத்தல் பிற்காலப் புற்றைத் தடுக்கும். நீரிழிவு உடையோர் நாடோறும் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்துவர். அப்பார்வையிலேயே கரும்புள்ளியையும் கவனிக்கலாம். விரலிடுக்குகளையும் குதிகாலையும் விட்டுவிடலாகாது. குனிய இயலாத முதியோர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேற் காலை நீட்டிப் பார்க்கலாம். கண் மங்கியவராயின், பேரப்பிள்ளை ஒருவர் வாரம் ஒருமுறை பார்த்து, பழைய புள்ளி எது, புதியது எது என்று சொல்லட்டும்.