மாத்திரைக்கு முன் பேச்சு

ரத்த அழுத்தம் சத்தம் போடாது. வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்து, ஒருநாள் ஆளைச் சாய்த்துவிடும். வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது பாலபாடம். அமெரிக்காவில் பில்லி ஏவரி என்ற கறுப்பினப் பெண் இதைக் கற்றுக்கொண்டது 1970-இல், மாரடைப்பில் கணவரைப் பறிகொடுத்த பிறகு. கணவருக்கு வயது 33. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பிரஷர் இருப்பது வீட்டில் தெரியும். அது என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. இவ்வளவு படித்தும் சொந்த உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்ற ஆற்றாமை ஏவரியை விடவில்லை.

ஏவரி ஒரு டீச்சர். ஃபுளோரிடாவில், மனநலப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1974-இல் தோழிகளோடு சேர்ந்து கெயின்ஸ்வில் ஊரில் பெண்கள் நல மையம் தொடங்கினார். 1978-இல் பிரசவ இல்லம். பிறகு ஒரு கல்லூரியில் வேலைப் பயிற்சிக்கு வந்த கறுப்பின இளம்பெண்கள் ஏன் அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்று விசாரித்தார். சின்ன வயதிலேயே நோய். அதோடு வீட்டில் எல்லாரையும் தாங்கும் பொறுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்டுவிடலாம். மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் 1961-இல் சின்னக் கட்டியை எடுக்கத்தான் போனார். கேட்காமலே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஓட்டுரிமைக்காகப் பின்னாளில் நாடறியப் போராடியவர் அவர். இப்படிக் கர்ப்பப்பையை இழந்த ஏழைப் பெண்கள் அங்கே நிறையப் பேர். எங்கள் தொழிலுக்கே இது தலைகுனிவு. அப்புறம் நம்பி வா என்றால் எப்படி வருவார்கள்?

1983 ஜூனில் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் ஏவரி ஒரு மாநாடு கூட்டினார். சுமார் 2,000 பெண்கள் வந்தார்கள். டாக்டர்களும் வந்தார்கள், அரசு உதவித்தொகையில் காலம் தள்ளியவர்களும் வந்தார்கள். லில்லி ஆலன் நடத்திய பயிலரங்கில், கறுப்பாகவும் பெண்ணாகவும் வாழ்வது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவர்கள் லேசில் நிறுத்தவில்லை.

அங்கிருந்து ஊர் ஊராகச் சின்னச் சின்னக் குழுக்கள் முளைத்தன. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்லவேண்டும். குறுக்கே பேசக்கூடாது, புத்திமதி கூடாது. (நர்ஸுகளை உட்காரவைத்தால் பத்து நிமிஷம் தாங்கமாட்டோம்.) சர்க்கரை, பிரஷர், உடல் எடை பற்றிப் பேசத்தான் கூடினார்கள். முதலில் வந்து விழுந்ததோ அடியும் உதையும், சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமையும். எதையும் தாங்குகிறவள் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதவை அவை.

பேசினால் பிரஷர் இறங்கிவிடுமா என்று என் சக ஊழியர்கள் சிரிப்பார்கள். மாத்திரை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மாத்திரையை வாங்காமலே விடுகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். கையில் இருக்கும் காசில் பிள்ளைக்கு, புருஷனுக்கு, மாமியாருக்குப் போகத் தன் மருந்து கடைசி. தன் உயிருக்கும் ஒரு விலை உண்டு என்று அவளுக்குத் தோன்றாதவரை டாக்டர் எழுதுவது வெறும் காகிதம். ஏவரி கைவைத்தது அந்த இடத்தில்.

வட்டத்தில் வாய் திறந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 1984-இல் தேசிய அமைப்பானார்கள். 1988-இல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கென்று நல மையம் திறந்தார்கள். 1990-இல் வாஷிங்டனிலேயே அலுவலகம் போட்டு, சட்டம் இயற்றுகிறவர்களிடம் தங்கள் கணக்கைக் கேட்கத் தொடங்கினார்கள்.