கூரை தேடிய கூட்டங்கள் – 8: பெட்டியடிப் பையன்

புதுக்கோட்டை மாவட்டம் மேலைச்சிவபுரியில் 1917-ல் பிறந்த ஒரு பையன் சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தான். தாய்வழிப் பாட்டி வீட்டில் வளர்ந்தவனைப் பதினோரு வயதில் ரங்கூனுக்குக் கப்பல் ஏற்றினார்கள். வட்டிக்கடையில் வேலை. ஒருநாள் வருமான வரி அதிகாரி கடைக்கு வர, உள்ளே இருந்த முதலாளி, தான் இல்லையென்று சொல்லச் சொன்னார். பையன் மறுத்துவிட்டான். வேலை போயிற்று. ஊர் திரும்பியவன் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் படித்தான். ‘வள்ளுவம்’, ‘தமிழ்க்காதல்’ நூல்களை எழுதி, பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரான வ.சுப. மாணிக்கம் அவர்தான்.

வாய்மைக்கு உதாரணமாக மேடைகளில் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி. பதினோரு வயதுப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப ஒரு குடும்பத்துக்கு எப்படி மனம் துணிந்தது? அங்கே அவன் எங்கே படுப்பான், யார் சோறு போடுவார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் ஊர்களில் இதற்கெல்லாம் விடை தயாராக இருந்தது. இராயவரம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை, ராங்கியம், நச்சாந்துபட்டி என்று இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களிலிருந்தும், காரைக்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள், போன இடத்தில் தனித்தனியாக வீடு பார்க்கவில்லை. ஒரே கூரையின் கீழ் கூட்டாக இருந்தார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அந்தக் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர்.

தெருவைப் பார்த்த முகப்பு குறுகல். உள்ளே போகப் போக நீளும் கூடம். மரப்பலகைத் தரை. இரு பக்கமும் வரிசையாகக் கடைகள். கடை என்றால் ஆளுக்குக் கொஞ்சம் தரை, ஒரு சாய்வு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி, ஓர் அலமாரி, அவ்வளவுதான். கடன் கேட்டு வருகிறவரும் தரையில்தான் உட்கார வேண்டும். பகலில் கணக்கு எழுதிய இடத்தில் இரவில் பாய் விரியும். சமையல் பொது. பெண்கள் வாசமே கிடையாது. கோடிக் கணக்கில் புரட்டியவர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஊரில் அவர்கள் கட்டிய வீட்டில் தேக்குத் தூணும் இத்தாலிச் சலவைக்கல்லும் இருந்தன என்பது வேறு விஷயம்.

இந்த ஏற்பாட்டின் கடைசிப் படியில் நின்றவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள் என்கிற ஏஜெண்டு. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கூட்டுவது, கடிதம் கொண்டுபோவது, வசூலுக்கு நடப்பது, மேலாள் சொல்லச் சொல்லப் பேரேட்டில் பதிவது எல்லாம் பையன் வேலை. மூன்று வருடக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவிடுவார்கள். கணக்கு முடிந்து ஊர் திரும்பி, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி போகலாம். அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ஆள் எடுப்பின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கூடத்தில் சுவர் கிடையாது. எந்தப் பையன் விடிகாலையில் எழுகிறான், எவன் கூட்டல் தப்பாமல் போடுகிறான், எவன் வசூல் பணத்தோடு நேரே வந்து சேர்கிறான் என்பதைப் பக்கத்துக் கடை மேலாளும் எதிர்க்கடை மேலாளும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சேதி கடிதத்தில் ஊருக்குப் போகும். மூன்று வருடம் கழித்து அவனை யார் எடுப்பது, என்ன சம்பளம் என்பது பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பெண் கொடுக்கிறவரும் அந்தச் சேதியைத்தான் விசாரிப்பார். நற்சான்றிதழ் எழுதித் தரும் அலுவலகம் எதுவும் இல்லாத காலத்தில் அந்தக் கூடமே சான்றிதழ் தந்தது. வசதியைக் காட்டி ஆளை இழுக்கிற வேலையை அது செய்யவே இல்லை. காட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது?

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி. அங்கே கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவர் சகோதர சங்கங்களும் மாணவியர் சகோதரிச் சங்கங்களும் உண்டு. 1840-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கை சை சங்கத்தார் காட்டுக்குள் மரக்கட்டைகளால் ஒரு குடில் போட்டார்கள். நிர்வாகத்தின் கண்ணில் படாமல் கூடுவதற்காக. 1886-ல் சிராக்கியூஸில் ஆல்பா ஃபை மாணவியர் தங்களுக்கென்று வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று பல வளாகங்களில் அந்த வீடுகள் தூண் வைத்த மாளிகைகள். கல்வியாண்டுத் தொடக்கத்தில் புது மாணவியர் வீடு வீடாக அழைத்துச் செல்லப்படுகிறார்கள். வாசலில் பாட்டு, உள்ளே உபசாரம். பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜி பஜ்ஜி வைப்பது மாதிரிதான், ஆனால் இங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

மாளிகை இருந்தால் புது ஆள் வருவது சுலபம் என்று தோன்றும். ஓரளவு நிஜமும்கூட. வீடு இருக்கிற சங்கம் முதல் பார்வையிலேயே கண்ணில் நிற்கும். இல்லாத சங்கம் ஏதாவது ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தான் யாரென்று வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குக் கடன் தவணை உண்டு, பழுதுபார்ப்பு உண்டு, சமையல்காரர் உண்டு. கட்டில்கள் நிரம்பாவிட்டால் கணக்கு உதைக்கும். அதனால் உறுப்பினர்கள் இத்தனை காலம் வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்று பல சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்த வாடகையைத் தர முடியாத மாணவி தயங்கி நிற்கிறாள். சில ஊர்களில் மாணவியருக்கு வீடு இல்லாததற்கு ஒரு கதையும் உலவுகிறது: இத்தனை பெண்கள் ஒரே வீட்டில் தங்கினால் அது விபசார விடுதி என்று பழைய சட்டம் சொல்கிறதாம். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் எங்கும் அகப்படவில்லை. வதந்திக்குக் கடல் ஒரு பொருட்டா?

கிட்டங்கிக்குக் கட்டில் நிரப்பும் கவலை இல்லை. கட்டிலே இல்லையே! செலவைக் கடைகள் பகிர்ந்துகொண்டன. ஒரு கடை மூடினால் அந்தத் தரையில் இன்னொரு கடையின் மேசைப்பெட்டி வந்துவிடும். கட்டடத்துக்காக ஆள் சேர்க்கும் நெருக்கடி எழவில்லை, ஆளுக்காகத்தான் கட்டடம்.

ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதில் அமெரிக்க வீடு வைத்த வடிகட்டியைவிடக் கிட்டங்கியின் வடிகட்டி கடுமையானது. அங்கே வாரக்கணக்கில் நடக்கும் தேர்வு இங்கே பிறப்பிலேயே முடிந்துவிடும். ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அந்தக் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். அப்போதுதான் அந்தத் தம்பதி சமூகக் கணக்கில் ஒரு புள்ளி. சமையலுக்கும் எடுபிடிக்கும், சில கடைகளில் கணக்குக்கும்கூட வெளி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உழைத்து மேலாளாகி, பிறகு சொந்த மார்க்கா போட்டுத் தனிக்கடை வைக்கும் ஏணியில் அவர்கள் ஏறியது அபூர்வம். சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்து, இளவயதில் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போன ப. சிங்காரம் அந்தத் தெருக்களைத் தம் இரண்டு நாவல்களிலும் வைத்திருக்கிறார். உள்ளே இருந்தும் உள்ளே இல்லாதவர்களின் கண்ணால் அந்த உலகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அவற்றைப் படிக்கலாம்.

பெண்களுக்கு இந்தக் கூரையில் இடமே இல்லை என்பதையும் பூசி மெழுக வேண்டாம். ஆச்சிமார் ஊரில் இருந்தார்கள். மணமான மகனுக்கு வளவில் ஓர் அறை ஒதுக்கி, பிறகு தனி அடுப்பாக ‘வேறு வைத்து’, வருடத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அந்த அளவுக்குள் குடும்பத்தை ஓட்டிக் கணக்கு வைத்தவள் ஆச்சி. வெளியூரில் ஆண்கள் மலிவாகக் கூடி வாழ முடிந்ததற்கு இந்த வீட்டுக் கணக்கும் ஒரு காரணம். அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1930 வாக்கில் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புழங்கும் பணம் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அடுத்து வந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல் நிலமாகக் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் 25 சதவீதமானது. பர்மியர்களின் கோபமும் அதோடு வளர்ந்தது. அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். 1963-ல் வங்கிகள் நாட்டுடைமையாயின. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970-களில் நகர மேம்பாட்டுக்காகப் போயின.

ஆனால் இடிப்பதற்கு வெகு முன்பே பையன்கள் வருவது நின்றுவிட்டது. இதுதான் நான் கவனிக்கச் சொல்வது. கட்டடம் அப்படியே இருந்தது, பாயும் மேசைப்பெட்டியும் இருந்தன. மூன்று வருடம் அங்கே படுத்து எழுந்தால் தொழில் கைக்கு வரும், கடன் கிடைக்கும், பேர் கிடைக்கும் என்ற உறுதி போய்விட்டது. பையன்கள் கல்லூரிக்குப் போனார்கள். கூட்டத்துக்கு ஆள் வருவது கூரையைப் பார்த்து அல்ல. ஆல்பா ஃபை வீட்டுத் தூண்களையும் ஒருநாள் இதே கேள்வி வந்து தொடும்.

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், சம்பளச் சீட்டுகளும் பையன்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் கட்டுக் கட்டாக இன்னும் இருக்கின்றன. வீட்டை விற்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறார்கள். காகிதம் எடைக்குப் போகிறது. உங்கள் வளவில் அப்படி ஏதாவது இருந்தால் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தையோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையோ ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த இதழில், காசி நகரச் சத்திரம்.