அரசு டெண்டர்: சிறுதொழில் செய்வோர் அறிய வேண்டியவை



சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். ஆறு தையல் மிஷின்கள் வைத்துப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் டெண்டரில் கலந்துகொள்ள, இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகைக்காக வீட்டு நகையை அடகு வைத்திருந்தார். ஒரு சான்றிதழைச் சேர்க்க விட்டுப்போனதால் முதல் பரிசீலனையிலேயே அவர் மனு தள்ளுபடியானது. கட்டிய பணம் திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின.

அவருடைய காகிதங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் தொகையை அவர் கட்டியிருக்கவே வேண்டியதில்லை. அவரைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு அதில் விலக்கு உண்டு. கஷ்டம் வந்த பின் உதவித்தொகை கொடுக்கும் நாங்கள், கஷ்டம் வருமுன் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறையை நீக்கவே இந்தக் கட்டுரை.

முதல் படி: உத்யம் பதிவு

2020 ஜூலை முதல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு உத்யம் பதிவு நடைமுறையில் உள்ளது. ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டிய தொழிலுக்கு அந்த எண்ணும் வேண்டும். இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசா கூட வாங்குவதில்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஏமாற வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்திலும் வழிகாட்டுவார்கள்.

பதியும்போது உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்பதைச் சரியாகக் குறிக்க வேண்டும். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையின் சலுகைகள், பொருளைத் தாமே செய்வோருக்கும் சேவை தருவோருக்கும் மட்டுமே. வாங்கி விற்கும் கடைக்காரர் உத்யம் பதிவு பெறலாம், டெண்டரிலும் கலந்துகொள்ளலாம்; ஆனால் இந்தச் சலுகைகளைக் கோர முடியாது.

சலுகைகள் எவை?

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு உரியது. வீட்டிலிருந்தே தையல், உணவுப் பொருள் தயாரிப்பு என்று உழைக்கும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையிலும் விலக்கு உண்டு.

விலையிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று ஒரு விரிப்புக்கு 200 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை கேட்டிருக்கிறது. நீங்கள் 225 கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விலை 15 சதவீத வித்தியாசத்துக்குள், அதாவது 230க்குள் இருப்பதால், 200 ரூபாய்க்கு இறங்கி வர நீங்கள் சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய டெண்டரில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் 200க்குக் கட்டுப்படியாகுமா என்று முதலில் கணக்குப் போட வேண்டும். மாநில அரசு டெண்டர்களுக்கு விதிகள் வேறு; அந்தந்த ஆவணத்தில் உள்ளதே செல்லும்.

எங்கே தவறுகிறோம்?

மத்திய அரசின் கொள்முதல் பெரும்பாலும் 2016இல் தொடங்கிய ஜெம் தளம் வழியாக நடக்கிறது. தமிழக அரசு டெண்டர்களுக்குத் தனித் தளம் உண்டு. அதற்கு டிஜிட்டல் கையொப்பச் சான்று வேண்டும். கடைசி நாளில் அதற்கு அலைந்தால் நேரம் போதாது. குறித்த நிமிடம் கடந்துவிட்டால் தளம் மனுவை ஏற்காது.

டெண்டர் ஆவணத்தை முழுவதும் படியுங்கள். கேட்ட சான்றுகளை ஒரு தாளில் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். இரண்டு உறை முறையில், தொழில்நுட்ப உறையில் தவறிக்கூட விலையை எழுதக் கூடாது. எழுதினால் மனு தள்ளுபடியாகும். விலை போடும்போது துணி, கூலியோடு ஜி.எஸ்.டி., பேக்கிங், லாரி வாடகை, பணம் வரும்வரை முடங்கும் முதல் அனைத்தையும் சேருங்கள். தர முடியாத சரக்கை ஒப்புக்கொள்வதும் பொய்யான அனுபவச் சான்று வைப்பதும் தொழிலைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். ஒப்பந்தமும் ஓர் அமானத் தான்.

பணம் தாமதமானால்

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட பின் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் இதற்கென மாநிலத்தில் உள்ள கவுன்சிலில் முறையிடலாம். தாமதத்துக்கு வட்டி தரவும் சட்டம் சொல்கிறது. அதைப் பெறுவது குறித்து மார்க்க அறிஞர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தயக்கத்துக்காக, உழைத்த அசலைக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம்.

இனி ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் இதற்கென இருவர் அமர்ந்திருப்பார்கள். ஆதார், பான், ஜி.எஸ்.டி. காகிதங்கள், வங்கிப் புத்தகம், பழைய பில்களோடு வாருங்கள். கட்டணம் இல்லை. முன்பு சொன்ன அந்தச் சகோதரரும் அந்த இருவரில் ஒருவர். தான் பட்டது இன்னொருவர் படக்கூடாது என்று அவராகவே முன்வந்திருக்கிறார். நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒருமுறை அவரை வந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்