செம்பு எட்டு, ஆக்சிஜன் ஒண்ணு

பாகூர்னா நமக்கு ஏரி. வரலாறு படிக்கிறவங்களுக்கு செப்பேடு. 9ஆம் நூற்றாண்டுல, பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மன் காலத்துல, பாகூர்ல இருந்த கல்விச்சாலைக்கு மூணு ஊர்களைக் கொடையா எழுதிக் கொடுத்த ஏடு அது. ஓலையா இருந்தா கரையான் தின்னிருக்கும். ஆனா செம்பையும் காற்று சும்மா விடாது. அதோட ஆக்சிஜன் சேர்ந்தா சிவப்புல ஒரு ஆக்சைடு, கருப்புல ஒரு ஆக்சைடு வரும்.

சிவப்பை எடுத்துக்குவோம். 9 கிராம்ல ஏறக்குறைய 8 கிராம் செம்பு, 1 கிராம் ஆக்சிஜன். உடனே 'எட்டு செம்பு அணுவுக்கு ஒரு ஆக்சிஜன்'னு எழுதத் தோணும். நிறைய பேர் மார்க்கை விடுற இடம் இதுதான். 8 கிலோ பூசணிக்காயும் 1 கிலோ எலுமிச்சையும் வாங்கினா, எண்ணிக்கையில பூசணிதான் அதிகம்னு சொல்வீங்களா? தராசுக்கு எண்ணத் தெரியாதுங்க.

அதனால எடையை அணு நிறையால வகுக்கணும். செம்புக்கு 63.5, ஆக்சிஜனுக்கு 16. 8ஐ 63.5ஆல் வகுத்தா 0.126. 1ஐ 16ஆல் வகுத்தா 0.0625. ரெண்டையும் சின்ன எண்ணால வகுங்க: 2-க்கு 1. இதுதான் எளிய விகித வாய்ப்பாடு. கருப்புல அதே 8 கிராம் செம்புக்கு 2 கிராம் ஆக்சிஜன். போட்டுப் பாருங்க, 1-க்கு 1 வரும்.

இன்னொரு பொறி இருக்கு. சிவப்பு இரும்பு ஆக்சைடுல 7 கிராம் இரும்புக்கு 3 கிராம் ஆக்சிஜன். இரும்பின் அணு நிறை 56. வகுத்தா 1-க்கு 1.5. அதை 2ன்னு ரவுண்டு பண்ணிடாதீங்க. ரெண்டு பக்கமும் 2ஆல் பெருக்குங்க: 2-க்கு 3.