ஓவன் சூடேற முக்கால் மணி நேரமா? எலிமென்டைக் கழற்றும் முன் வோல்ட்டைப் பாருங்க!

பிறந்த நாள் கேக்குக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு. மாவு கலக்கியாச்சு. சாயங்காலம் 6 மணிக்கு டெலிவரி. ஆனால் 4 மணிக்குப் போட்ட ஓவன் 4.45 ஆகியும் சூடேறவில்லை. கலக்கி வைத்த மாவு கிண்ணத்திலேயே அமுங்கிப் போகிறது!

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வீட்டிலேயே கேக், பிஸ்கட் சுட்டு விற்கிற பெண்களுக்கு இது பெரிய தலைவலி. ஓவனைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனால், "எலிமென்ட் வீக்குங்கம்மா, மாத்திடலாம்" என்று பதில் வரும். காசைக் கொடுத்து மாற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்து பிளக்கைச் செருகினால் மறுபடியும் அதே கதை!

விஷயம் இதுதான்:- ஓவன் மெதுவாகச் சூடேறினால் கோளாறு ஓவனுக்குள் இருக்கலாம். ஓவனுக்கு வெளியேயும் இருக்கலாம். வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரில் கரண்ட் போகிற டெல்டா ஊர்களில், வெளியேதான் முதலில் தேட வேண்டும்.

"வீக்" ஆவது அபூர்வம்

மின்சார ஓவனில் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. இதுதான் எலிமென்ட். வெளியே தெரிவது இரும்புக் குழாய். உள்ளே நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பி சுருளாக ஓடுகிறது. சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். கரண்ட் வெளியே கசியாமல் சூடு மட்டும் வெளியே வருவதற்கு இந்த ஏற்பாடு. நிக்ரோம் கலவைக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906-ம் ஆண்டு காப்புரிமை வாங்கினார். டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றிலும் அதே சங்கதிதான்.

இந்தக் கம்பி பெரும்பாலும் ஒன்று வேலை செய்யும். இல்லாவிட்டால் அறுந்து போகும். கொஞ்சம் கொஞ்சமாக "வீக்" ஆகிப் பாதிச் சூடு தருவது அபூர்வம். இரண்டு கம்பியில் ஒன்று அறுந்தால் சூடு பாதியாகும். அது நிஜமான ரிப்பேர். இரண்டும் சிவந்து எரிந்தும் சூடு போதவில்லை என்றால் கம்பி மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

50 வோல்ட் குறைந்தால் 580 வாட் போச்சு!

ஓவன் மேல் "1500 வாட்" என்று அச்சடித்திருக்கும். அது 230 வோல்ட் வந்தால் மட்டும் கிடைக்கிற கணக்கு. வோல்ட் இறங்கினால் சூடு அதே அளவில் இறங்காது. இரட்டை வேகத்தில் இறங்கும்.

அந்தக் கணக்கு வருமாறு:-

230 வோல்ட் வந்தால் - 1500 வாட்.
200 வோல்ட் வந்தால் - சுமார் 1135 வாட்.
180 வோல்ட் வந்தால் - சுமார் 920 வாட்.
160 வோல்ட் வந்தால் - சுமார் 725 வாட்.

அதாவது 160 வோல்ட்டில் பாதி ஓவன் கூட உங்களிடம் இல்லை. சூடேறும்போதே கதவு, கண்ணாடி, தகடு வழியாகவும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். வருகிற சூடு குறைந்து, போகிற சூடு அப்படியே இருந்தால் முள் 150 டிகிரியில் நின்று விடும். அதற்கு மேல் எத்தனை நேரம் வைத்தாலும் ஏறாது.

குழல் விளக்கு மினுக்குவதைக் கண்ணால் பார்த்து விடலாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் வியர்வை சொல்லி விடும். ஓவன் மட்டும் சத்தம் போடாமல் கழுத்தை அறுக்கும்!

குறுவைக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12-ந் தேதி. அதை நம்பித்தான் டெல்டாவில் குறுவை. 2024-ம் ஆண்டு அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். இப்படி ஆற்றில் தண்ணீர் வராத நாட்களில் பில்டர் பாயின்ட் மோட்டார்தான் கதி. நாற்றங்காலைக் காப்பாற்ற மோட்டாரை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 3,700 வாட் வேலை செய்கிறது. இரண்டு ஓவனுக்கு மேல்! ஸ்விட்சைப் போடும் அந்த நொடியில் அது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு. அதுமட்டும் அல்ல. வோல்ட் குறைந்தால் ஓவன் இழுக்கும் கரண்ட் குறைகிறது. மோட்டாரோ பளுவைச் சமாளிக்க இன்னும் அதிகமாக இழுக்கிறது. லைன் இன்னும் தொய்கிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டுக்காரர் தப்பித்துக் கொள்வார். லைன் முடிகிற கடைசிக் கம்பத்து வீடுதான் மாட்டிக்கொள்ளும்.

இதில் விவசாயி மேல் குற்றம் இல்லை. அவருக்குப் பயிர். 1990-ம் ஆண்டு முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் இருக்கின்றன. மோட்டாருக்குச் சரியான கபாசிட்டர் பொருத்தினால் லைனில் ஓடும் கரண்ட் குறையும். கூடுதல் டிரான்ஸ்பார்மர் வைத்தால் பளு பிரியும். வயலுக்குத் தனி லைன், வீட்டுக்குத் தனி லைன் என்று பிரிப்பதற்காக 2021-ம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்திலும் பணம் ஒதுக்க வழி செய்தார்கள்.

இதில் ஒரு துப்பு கிடைக்கிறது. குறுவை நேரத்தில் படுத்துகிற ஓவன், அடைமழைக் காலத்தில் மோட்டார்கள் ஓயும்போது ஒழுங்காகச் சூடேறினால் குற்றவாளி லைன்தான். சாயங்காலம் 7 மணிக்கு மக்கர் செய்து, இரவு 11 மணிக்கு ஜோராக ஓடினாலும் அப்படியே.

வீட்டிலேயே பிடிக்கலாம்

பிளக்கில் செருகிப் பார்க்கும் வோல்ட் மீட்டர் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. சுவிட்ச் போர்டில் ஓவனுக்குப் பக்கத்து பாயின்டில் செருகி, இரண்டு தடவை படிக்க வேண்டும். ஓவனை அணைத்து ஒரு தடவை. ஓவனைப் போட்டு ஒரு தடவை.

அணைத்திருக்கும்போதே 190, 180 என்று காட்டினால் தெரு லைனில் குறை.

அணைத்தால் 230, போட்டால் 190 என்று விழுந்தால் பெரும்பாலும் வீட்டு ஒயரிங்கில் குறை. இல்லையேல் கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் ஒயரில் எங்கோ லூஸ் ஜாயின்ட். இதுதான் மிகவும் ஆபத்து! காணாமல் போன 40 வோல்ட் எங்கேயும் போகவில்லை. 200 வாட்டுக்கு மேல் சூடாக அந்த ஜாயின்டிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, பிளக் தொட்டால் சுட்டாலோ உடனே அணைத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.

1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன சாக்கெட்டிலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் மாட்டுவது தப்பு. 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் உள்ள மூன்று கம்பி பிளக் கட்டாயம்.

அமெரிக்காவில் பெரிய ஓவனுக்கு 120 வோல்ட் லைன் இரண்டைச் சேர்த்து 240 வோல்ட் தருகிறார்கள். அங்கே ஒரு லைன் போனால் ஓவன் விளக்கு எரியும், கடிகாரம் ஓடும், சூடு மட்டும் வராது. அங்கேயும் விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் வோல்ட்டைத்தான் பார்ப்பார்.

ஓவனே கெட்டிருந்தால்?

வோல்ட் சரியாக இருந்தும் சூடேறவில்லையா? அப்போது ஓவனைச் சந்தேகப்படலாம்.

முதலில், திருகு "மேல் கம்பி மட்டும்", "கீழ்க் கம்பி மட்டும்" என்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காக ரிப்பேர் கடை வரை போய்த் திரும்புகிறவர்களும் உண்டு! இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து, ஒன்று மட்டும் கருப்பாகவே இருந்தால் அந்த எலிமென்டோ, அதன் ஒயரோ, திருகு ஸ்விட்சோ போயிருக்கிறது.

சூடு வருவதற்கு முன்பே விளக்கு அணைந்தால் தெர்மோஸ்டாட்டில் கோளாறு. ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால், திருகு காட்டும் டிகிரியும் நிஜ டிகிரியும் ஒன்றுதானா என்று தெரிந்து போகும். கதவு சரியாக மூடாமல் இடைவெளி விட்டாலும் சூடு நிற்காது.

ரிப்பேர்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டர் வைத்து எலிமென்டை அளந்து காட்ட வேண்டும். 750 வாட் எலிமென்டுக்குச் சுமார் 70 ஓம் காட்டும். அறுந்திருந்தால் முள் அசையாது. அளந்து காட்டாமல் "மாத்தணும்" என்றால் "கொஞ்சம் மீட்டர் வச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்பதில் தப்பில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் ஓவனைத் தொடாமல் வைத்தால் குழாய்க்குள் இருக்கும் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கரண்ட் கசிந்து வீட்டு டிரிப்பர் விழும். ஓவனைத் தொட்டால் ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. டிரிப்பரைக் கட்டிப்போட்டு ஓட்டுவது உயிருக்கு உலை! ரிப்பேர்காரரிடம் காட்டிக் கசிவை அளக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

வாங்கலாம். யோசித்து வாங்க வேண்டும். 1500 வாட் ஓவனுக்கு டி.வி. ஸ்டெபிலைசர் தாங்காது, 2 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் வேண்டும். அதன் விலை சில சமயம் ஓவன் விலையையே எட்டிப் பிடிக்கும்.

இன்னொன்று. 170 வோல்ட் வரும்போது ஓவன் நேராக இழுப்பது 5 ஆம்பியருக்கும் கீழே. ஸ்டெபிலைசர் வழியாக இழுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். தெருவில் நாலு வீட்டில் இப்படி வைத்தால் லைன் இன்னும் படுக்கும்.

மலிவான வழி நேரத்தை மாற்றுவது. வோல்ட் நன்றாக இருக்கும் நேரத்தைக் குறித்து வைத்து அப்போது சுடலாம். காலித் தட்டுகளை வெளியே எடுத்து விட்டுச் சூடேற்றலாம். நடுநடுவே கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே வைத்த வெப்பமானி வேண்டிய டிகிரியைக் காட்டும் வரை மாவைக் கலக்கக் கூடாது.

கரண்ட் பில் பற்றிப் பயப்பட வேண்டாம். 1500 வாட்டில் கால் மணி நேரம் ஓடினால் 0.375 யூனிட். 920 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 0.46 யூனிட். வித்தியாசம் 0.1 யூனிட் கூட இல்லை. நஷ்டம் எல்லாம் நேரத்திலும் கெட்டுப்போன மாவிலும்தான்.

ரிப்பேரா? புதுசா?

ஒரு ஓவன் புதிதாக ரூ.6,000 என்று வையுங்கள். ரிப்பேர் செலவு ரூ.3,000-ஐத் தாண்டினால், அதுவும் ஓவன் பழசாக இருந்தால், புதிது வாங்குவதே மேல். எலிமென்ட், ஒயர், ஸ்விட்ச் மட்டும் என்றால் ரிப்பேரே லாபம்.

வாரண்டி இருக்கும்போது வெளிக்கடையில் திறந்தால் கம்பெனி கையை விரித்து விடக்கூடும். பில்லைப் பத்திரமாக வைத்துக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வெளிக்கடை என்றால் நான்கு விஷயம் கேட்க வேண்டும்:- மொத்தச் செலவு எவ்வளவு என்று வேலைக்கு முன்பே எழுத்தில்; கழற்றிய பழைய பாகம் கையில்; போட்ட பாகத்துக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பது; கடைப் பெயருடன் ரசீது.

எங்கே சொல்வது?

தெரு லைனில் குறை என்றால் ஒரு வாரத்துக்குத் தேதி, மணி, வோல்ட் மூன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்று 1956-ம் ஆண்டு மின்சார விதிகளிலேயே எழுதி வைத்தார்கள். 230 வோல்ட்டில் 6 சதவீதம் போனால் சுமார் 216. மனுவில் இதையும் எழுதலாம்.

2021-ம் ஆண்டு தொடங்கிய மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

ரிப்பேரில் ஏமாற்றம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாகம் எங்கே கிடைக்கும், கம்பெனி சர்வீஸ் எங்கே என்ற விவரங்களுக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ந் தேதி பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வீட்டுச் சாமான்களோடு விவசாயக் கருவிகளும் அதில் உண்டு.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சாமானுக்கோ ரிப்பேருக்கோ கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்!