பால் கணக்கு நோட்டும் ஒரு பேனாவும்

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் இளம் மருமகள், போன மாதம் ஒரு மத்தியானம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்கள்ல, எனக்கும் எழுதோணும்னு ஆசைங்க்கா. தவணைல ஒரு லேப்டாப் எடுக்கலாம்னு இருக்கறேன். அப்புறம் போன்லயே ஒரு கிளாஸ் இருக்குது. எட்டாயிரமாம். பதினஞ்சு நாள்ல எழுத்தாளர் ஆக்கீருவாங்களாம்."

"பதினஞ்சு நாள்ல எலுமிச்சங்கா ஊறுகாயே சரியா ஊறாதே கண்ணு! பணத்துக்கு என்ன பண்ணுவே?"

"சீட்டுப் பணம் வருதுங்க்கா."

சீட்டுப் பணம் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது; பின்னால் சொல்கிறேன். அன்று அவளிடம் சொன்னதையெல்லாம் நம் சகோதரிகளுக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பெரிய எழுத்தாளர் இல்லை. பத்தாவது வரை படித்தவள். கணவர் மோட்டார் பம்பு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஐந்தாறு வருஷமாகச் சமையல் குறிப்பு, அனுபவக் கட்டுரை, எப்போதாவது ஒரு சிறுகதை என்று எழுதி வருகிறேன். வருகிற சன்மானம் கேஸ் சிலிண்டருக்குக்கூடச் சில மாதம் போதாது. ஆனாலும் அது என் பணம்!

முதலில், லேப்டாப் வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடமே போனதில்லை. கதை சொல்வதில் சூரர். ஆனால் சரளமாக எழுத வராது. என்ன செய்தார் தெரியுமா? இவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொண்டார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். பிறகு தானே எழுதப் பழகி, 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். நமக்கு அப்படி ஒரு பட்டம்மாள் கிடைப்பாரா என்று ஏங்க வேண்டாம். போனிலேயே இருக்கிறார்! விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து, மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் எழுத்தாக விழுகிறது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நாலு வரி சொல்லலாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லலாம். சொன்னதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொண்டால் தொலையாது.

ஒரு சங்கடம் உண்டு. போனுக்கு நம் கோயமுத்தூர்ப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாது. நான் "பொடக்காளியில் பாத்திரம் விளக்கினேன்" என்று சொன்னால் அது "பொடி காளி" என்று எழுதி வைத்தது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சொன்னதை ஒருமுறை நிதானமாகப் படித்துத் திருத்தாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதற்காகப் பொடக்காளியைக் கொல்லைப்புறம் என்று மாற்றிவிடவும் வேண்டாம். எனக்கு ஆரம்பத்தில் அந்தக் கூச்சம் இருந்தது. பத்திரிகை என்றால் மெட்ராஸ் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நினைத்து, அம்மிச்சியைப் பாட்டி ஆக்கி, ஒப்புட்டைப் போளி ஆக்கி எழுதினேன். கதையில் உயிரே இல்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் நம் பக்கத்துப் பேச்சைத் தைரியமாக எழுதிவிட்டார் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' என்றே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். நம் அப்பாரும் அம்மிச்சியும் பேசிய வார்த்தைகளை அச்சில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அகராதி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏதாவது பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால், 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'க்குச் செலவழியுங்கள். 1992-ல் முதலில் வந்தது. விரிவாக்கிய பதிப்புகள் 2008-லும் 2020-லும் வந்தன. இன்றைக்குப் பேசுகிற, எழுதுகிற தமிழுக்கு வாக்கிய உதாரணத்தோடு பொருள் சொல்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான். எனக்குக் கல்யாண நாளுக்குப் புடவைக்குப் பதிலாகக் கேட்டு வாங்கினேன். (அவருக்கு இன்றும் அது புரியவில்லை!)

எங்கே 'க்' போடுவது, எங்கே 'ப்' போடுவது என்று தடுமாறாதவர் யார்? அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்ற புத்தகம் நூலகங்களில் கிடைக்கும். ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள், தலை சுற்றும். தினம் இரண்டு பக்கம் போதும். அவசரத்துக்கு, மதுரைக்காரரான நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி', 'நாவி' இரண்டும் இணையத்தில் இலவசம். முதலாவது எழுத்துப் பிழை பார்க்கும், இரண்டாவது சந்திப் பிழை பார்க்கும். அவை சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள்.

பிறகு, எந்தப் பத்திரிகைக்கு எழுத ஆசையோ அதன் பழைய இதழ்கள் ஐந்தாறையாவது படித்துவிடுங்கள். ஆர்.எஸ். புரத்தில் கௌலி பிரவுன் ரோட்டில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே ஒரு கிளை நூலகம் இருக்கும். புத்தகம் வாங்க டவுன்ஹால் பக்கம் ராஜ வீதியில் விஜயா பதிப்பகம். ஜூலை வாக்கில் கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். பழைய இதழ்களைப் படிக்கும்போது வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கக் கட்டுரை போடுகிற இடத்துக்கு எட்டுப் பக்கம் அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

"எழுத விஷயம் வேணுமேங்க்கா?" என்றாள் அந்தப் பெண்.

ராஜம் கிருஷ்ணனும் பதினைந்து வயதில் கல்யாணம் ஆகி வந்தவர்தான். கணவர் மின்துறை எஞ்சினியர். அவரோடு நீலகிரியில் இருந்தபோது படுகர் மக்களோடு பழகியதுதான் 'குறிஞ்சித் தேன்' ஆயிற்று. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டும் என்றபோது தூத்துக்குடிக்கே போய் அவர்களோடு பேசிவிட்டு வந்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாம் தூத்துக்குடி போக வேண்டாம். எதிர் வீட்டுப் பெண் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு எத்தனை மணிக்கு உலை வைக்கிறாள் என்று கேட்டாலே ஒரு கட்டுரை இருக்கிறது. கேட்டதை அன்றைக்கே குறித்து வையுங்கள். மறுநாள் மறந்துவிடும்; எனக்கு மறந்துவிடுகிறது.

இனி, சீட்டுப் பணத்தின் கதை.

என் இரண்டாவது பிரசவத்துக்குக் கோபிப் பக்கம் அம்மா வீட்டில் நாலு மாதம் இருந்தேன். மூத்தவளைத் தூங்க வைக்க அம்மா தினம் ஒரு கதை சொல்லும். எங்கேயும் கேட்டிராத கதைகள். சும்மா இருக்கிறோமே என்று ஒரு இருநூறு பக்க நோட்டில் அவற்றை எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று. அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து, ஒருவர் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்றார். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சீட்டு எடுத்துப் பதினைந்தாயிரம் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்தேன். ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை. "இன்னைக்கு அனுப்பறேன், நாளைக்கு அனுப்பறேன்" என்றே ஒரு வருஷம் போயிற்று. பிறகு போன் எடுக்கவே இல்லை. பணம் போனதற்குக் கணவரிடம் ஒருவழியாகச் சமாதானம் சொல்லிவிட்டேன். நோட்டுக்கு யாரிடம் என்ன சொல்வது?

அதனால்தான் படித்துப் படித்துச் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துவிட்டு, நகலை அனுப்புங்கள். இப்போது பல பத்திரிகைகள் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்கின்றன. தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2025-ல் பதிவுத் தபாலையும் அதோடு சேர்த்துவிட்டார்கள்.

நம் எழுத்தை அச்சிட நாமே பணம் கட்டச் சொன்னால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். எத்தனை பிரதி, எப்போது, யார் விற்பது என்பதை எழுத்தில் கேளுங்கள். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் வீட்டிலிருந்து எழுதி அனுப்புவது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை நமக்கே சொந்தம். நம் காலத்துக்குப் பிறகு 60 வருஷம் நம் பிள்ளைகளுக்கும். உரிமையை எழுதிக் கொடுத்தாலும், எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் என்றுதான் கணக்கு. நல்ல வேளையாக நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்று: பால் கணக்கு நோட்டு. பால்காரருக்கு வைத்திருக்கிறோமே, அதே மாதிரி கோடு போட்ட நோட்டுதான். தேதி, தலைப்பு, எந்தப் பத்திரிகை, பதில் வந்த தேதி, சன்மானம் எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஒரே கட்டுரையை இரண்டு பத்திரிகைக்கு ஒரே சமயத்தில் அனுப்பி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி. மூன்று மாதம் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம். என் நோட்டின் முதல் பக்கத்தில் பதினொரு வரி. அதில் ஒன்பதுக்கு நேராக 'இல்லை' என்று இருக்கிறது. அதையும் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். குழந்தை நோட்டைப் பிடித்து இழுத்தது.

கிளாஸுக்கு அவள் பணம் கட்டவில்லை. பிரசவமான பிறகு மாமியார் தினமும் அரைத்துக் கொடுத்த பத்திய மருந்தைப் பற்றிப் போனில் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். நடுவில் குழந்தை அழுததையும் போன் ஏதோ எழுத்தாகப் போட்டிருக்கிறது! திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

நானும் சும்மா இல்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஊரில் இருக்கிறார். எண்பது தாண்டியவர். போனில் பேசிப் பேசிப் பதினொரு கதை திரும்பக் கிடைத்திருக்கிறது. சிலதில் அம்மா சொன்ன மாதிரி இல்லை. ராசா மகள் வேறு மாதிரி பேசுகிறாள். பரவாயில்லை, இரண்டையும் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போகிறோம். பெரியம்மாவுக்குச் சாயங்காலமானால் பேச்சு ஓய்ந்துவிடும். காலையிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.